கத்திரிப்பூ நிறம்

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. ஊர் முழுக்கத் தள்ளுபடி. ஆட்டோக்களின் முதுகில்கூட.

என் கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம். தாலி கட்டும்போது பெண் உடுத்தும் கூறைச் சேலையை மாப்பிள்ளை வீடுதான் எடுக்க வேண்டும். எடுப்பது என்றால் கடைக்குப் போய் வாங்கி வருவது அல்ல. இரண்டு வேன். இரண்டு பக்கத்துச் சொந்தம். வழியில் காப்பி, பலகாரம். மத்தியானச் சாப்பாடு. வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு துணி. ஒருவருக்கு எடுத்தால் அவர் தங்கைக்கும். தங்கைக்கு எடுத்தால், கோபித்துக்கொண்டு வராமல் இருந்தவருக்கும். பிறகு ஃபால்ஸ், முந்தானைக்குக் குஞ்சம், ரவிக்கைக்குக் கல்லும் ஜரிகையும் வைத்துத் தைக்கும் ஆரி வேலை. சேலையின் விலை என்று சீட்டில் ஒட்டியிருப்பது இதில் ஒரு பங்குதான்.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் இரண்டாமாண்டுப் பொருளியல் மாணவர்களுக்கு வாய்ப்புச் செலவு நடத்தினேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கைவிடுகிறோமோ அதுவே தேர்ந்தெடுத்ததன் விலை. கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். "சார், கைவிட்டது என்ன வெலைன்னு யாருங் சார் சொல்லுவாங்க?" மணி அடித்துவிட்டது. நல்லவேளை.

சாயங்காலம் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அம்பிகா அக்கா வந்திருந்தாள். வேனுக்கு யாரிடம் சொல்வது என்று பேச்சு.

"பீரோல ஒண்ணு இருக்குதில்ல" என்றேன்.

"எது?"

"அந்தச் சீலை."

அக்கா என்னை முழுதாகத் திரும்பிப் பார்த்தாள். "டேய் பூபதி, உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்கா? அது நின்னுபோன சீலைடா."

"நின்னது கல்யாணம். சீலை என்னக்கா பண்ணுச்சு?"

"அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? அதுல பேரா எழுதியிருக்கு?"

அம்மா கையிலிருந்த பூண்டை முறத்தில் போட்டாள். "எவ்வளவு போட்டு எடுத்தது அது" என்றாள். பாதி ஒத்துக்கொண்டாள் என்று தெரிந்தது.

நல்ல யோசனை. யாரும் உடுத்தாத சேலை. இரண்டு வேன் மிச்சம். மறைமுகச் செலவு எதுவும் இல்லை.

வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

பீரோவைத் திறந்து எடுத்தோம். அடித்தட்டு, அட்டைப்பெட்டி, பாச்சா உருண்டை. உருண்டை கரையவே இல்லை என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். நான் மாற்றிவந்தது அவளுக்குத் தெரியாது. பூச்சி அரிக்கக் கூடாது என்றுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் நிரஞ்சனா என்ற பெண்ணோடு எனக்கு நிச்சயமானது. ஊர் கோபி. நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை மாற்றியாயிற்று. கூறை எடுத்து அவர்கள் வீட்டில் கொடுத்தாயிற்று. பிறகு நின்றுபோனது. முறைப்படி சேலையைத் திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

"கத்திரிப்பூ நெறம், பாரு" என்றாள் அம்மா. "மங்கவே இல்ல."

கத்திரிப்பூ அல்ல. அதைவிட இருட்டு. நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். அப்படி யாரோ சொன்னார்கள்.

ஜூலை 25, வெள்ளி

எனக்குப் பேசியிருக்கும் பெண், கோகிலவாணி, கூப்பிட்டாள். நான் வாணி என்கிறேன். அவள் "ஏனுங்க" என்கிறாள். பெருந்துறையில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். பேசும்போதே பின்னால் யாராவது "அம்மா, வலிக்குது" என்பது கேட்கும்.

"கூறை எடுக்க எப்பங்க போறோம்? நான் லீவு சொல்லோணும்."

"எடுத்தாச்சு."

"எடுத்தாச்சா? எங்களக் கூப்புடாமயா?"

செலவுகளைச் சொன்னேன். வேன், காப்பி, கோபித்துக்கொண்டு வராதவர்களுக்குத் துணி. சிரித்தாள். அவள் பெரியப்பா மகளுக்கு ரவிக்கையின் ஆரி வேலைக் கூலி சேலை விலையையே தாண்டிவிட்டதாம். கல்யாணத்தன்று மேடையில் அவள் கையைத் தூக்கவே முடியவில்லையாம். "அட்சதை போட்டவங்க எல்லாரும் பொண்ணு ரொம்ப அடக்கம்னாங்க. அவ கையி மடங்கலீங்க, அதுதான் விசயம்."

"அப்ப உனக்குச் சம்மதம்தானே?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. எங்கம்மாதான் ஒரு வாரம் பொலம்புவாங்க." பிறகு, "போன தடவ பாத்தப்ப சொல்லோணும்னு நெனச்சேன். உங்க எடது தோளு அப்பப்ப ஏறுதுங்க. எதையோ முழுங்குறப்ப."

"சாப்பிடும்போதா?"

"சாப்பாடு இல்லீங்க."

முன்பு ஒரு நிச்சயம் நின்றது அவளுக்குத் தெரியும். பெண் பார்க்கும்போதே சொல்லிவிட்டோம். சேலையைப் பற்றிச் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

சேலையை விரித்துப் பார்த்தேன். ஃபால்ஸ்கூட அடித்திருக்கிறது. ஓரமும். அந்தச் செலவும் மிச்சம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வாணி வீட்டார் பவானி கூடுதுறைக்கு வந்தார்கள். நாங்களும் போனோம். தண்ணீர் படிக்கட்டில் பாதிவரை. பிறகு எல்லோரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நல்ல நாள், கூறையைக் கண்ணில் காட்டிவிடலாம் என்றாள் அம்மா.

தட்டில் மஞ்சள், பூ, நடுவில் சேலை. வாணி கையைப் பாவாடையில் துடைப்பதுபோல் சுடிதாரில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"நெறம் நல்லாருக்குங்க அத்தை."

அவள் முந்தானையைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். ஜரிகை முழுக்க அங்கேதான். அவள் பார்க்கவில்லை. எதிர்முனையைத் தேடி, மடிப்பு மடிப்பாகப் புரட்டிக்கொண்டே போனாள். அவள் அம்மாவும் எட்டி அதே முனையைப் பார்த்தார்.

"ரவிக்கைத் துணி எங்கீங்க?" என்றார் அவள் அம்மா.

பட்டுச் சேலையோடு ரவிக்கைத் துணியும் சேர்த்தே நெய்திருப்பார்கள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும். அதை வெட்டித்தான் தைக்கக் கொடுப்பார்களாம். முப்பத்தொரு வயது. இரண்டு முதுகலைப் பட்டம். வீட்டில் அம்மா, அக்கா. யாரையும் கேட்டதில்லை.

அம்மாவுக்கும் அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. அக்கா உடனே சொன்னாள். "இப்பெல்லாம் கான்ட்ராஸ்ட்டுதானுங்களே சம்பந்தி. அதே துணில யாரு தைக்கறா? தனியா எடுத்துக்கலாம்னுதான்."

"ஓரமும் அடிச்சிருக்குதுங்க. ஃபால்ஸும்" என்றார் வாணியின் அம்மா. குரலில் ஒன்றும் இல்லை. பார்த்ததைச் சொன்னார்.

"எல்லாம் கடையிலயே பண்ணிக் குடுத்தர்றாங்க" என்றாள் அம்மா.

"ஆமாங்க நங்கை, கான்ட்ராஸ்ட்டுதான் நல்லாருக்கும்" என்று வாணி அக்காவிடம் சொன்னாள். சேலையை மடித்தாள். மடிப்புகள் பழையவை. துணி தானாகவே பழைய கோட்டில் மடங்கியது. அவள் ஒரு மடிப்பில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நிறுத்தினாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தை அல்ல.

சாப்பாட்டில் அவள் எல்லோரையும் சிரிக்கவைத்தாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வாணி கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வகுப்பில் மூழ்கிய செலவு. போட்ட பணம் போட்டதுதான், அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது. கரும்பலகையில் எழுதிவிட்டு எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பசங்கள் நோட்டில் அதையும் நகலெடுத்தார்கள், அடிக்கோடு உட்பட.

ஆகஸ்ட் 6, புதன்

பெருந்துறை. மருத்துவமனை கேண்டீன். அவளே வரச் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கறனுங்க. அந்தச் சீலை அவங்களுக்கு எடுத்ததுதானே?"

"ஆமா."

"பெரியவங்க பண்ணியிருப்பாங்க, உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். அப்புறம்தான் உங்க தோளப் பாத்தேன். யாரு யோசனை?"

"என்னோடது."

"செலவு மிச்சம்னு."

"ஆமா."

டீயை ஆற்றினாள். "செலவு மிச்சம் பண்றவரு அன்னைக்கே வித்திருப்பீங்க. ரெண்டு வருசம் பூச்சி படாம வெச்சிருக்கீங்க. எங்க வீட்ல எங்கம்மா கூறையையே பூச்சி அரிச்சுது."

என் டீயில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினேன்.

"எதனால நின்னுச்சுங்க?"

"ஜாதகம்."

"ஜாதகத்த உப்புச் சக்கரைக்கு முன்னாலயே பாத்திருப்பாங்களே."

"கடையில பில் போடறப்ப கொஞ்சம் மனஸ்தாபம்."

"யாருக்கு?"

"பெரியவங்களுக்குள்ள."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதான்."

"அங்கதான்னா?"

அதற்குள் ஆயா வந்து கூப்பிட்டார். பக்கவாதம் வந்த ஒரு பெரியவர், கையைத் தூக்கப் பழகுகிறார். வாணி எழுந்தாள். "சேலை யாரோடதுங்கறது எனக்குப் பெருசு இல்லீங்க. கட்டாத சேலை, துணிதானே. நீங்க எங்க இருந்தீங்கன்னு தெரியோணும்."

"கல்யாணம்?" என்று கேட்டேன். கேட்ட விதம் எனக்கே பிடிக்கவில்லை.

"இன்னும் வேண்டாம்னு சொல்லலீங்க."

ஆகஸ்ட் 7, வியாழன்

நான் எங்கே இருந்தேன்.

கடை, இரண்டாம் மாடி. வெள்ளை விரிப்பு. இரு பக்கத்துப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து சேலைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அரக்கு என்றார்கள். என் அத்தை ஒருத்தி ரோஜா நிறம் என்றாள். நிரஞ்சனா எதுவும் சொல்லாமல் குவியலின் அடியிலிருந்து ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். வந்தது இது.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நடுவில் அத்தனை பேர். நாக்கைக் கொஞ்சமே கொஞ்சம் நீட்டி, சேலையைக் கண்ணால் காட்டினாள். பிறகு, நான் அந்தப் பக்கம் போனபோது, குனிந்தபடியே, "நாவல்பழம் தின்ன நாக்கு" என்றாள். நான் சிரித்துவிட்டேன். யாருக்கும் ஏன் என்று தெரியவில்லை. அந்த நிச்சயம் முழுவதிலும் எனக்கென்று மட்டும் அவள் சொன்னது இந்த மூன்று சொல்தான்.

விலை எங்கள் வீட்டில் பேசிவைத்ததைத் தாண்டியது. பில் கவுண்டரில் அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "நாங்க சொன்னது இவ்வளவுதானுங்க. அதுக்கு மேல வர்றத ஆசப்பட்டவங்க போட்டுக்கட்டும்." அக்காவும் சிரித்தாள். கேலி என்றால் கேலி. இல்லையென்றால் இல்லை.

நிரஞ்சனாவின் அப்பா சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்து எண்ணாமல் வைத்தார். அன்றைக்கு எல்லோருக்கும் சாப்பாடு தன்னுடையது என்று காலையில் சொல்லியிருந்தார். அதற்கென்று கொண்டுவந்தது. பிறகு எல்லோரும் சாப்பிட்டோம், எங்கள் செலவில். அவர் மட்டும் வயிறு சரியில்லை என்று ஓட்டலுக்கு வெளியே நின்றார்.

அவர் நோட்டை வைத்தபோது நிரஞ்சனா மறுபடி என்னைப் பார்த்தாள்.

நான் கவுண்டருக்கு மேலே இருந்த பலகையை வாசித்துக்கொண்டிருந்தேன். விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது. வாசித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். பையில் கார்டு இருந்தது. அம்மா, நான் குடுத்தர்றேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது. நான் அப்போது ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். நூற்றுக்கணக்கில் வாக்கியங்கள்.

இரண்டு வாரத்தில் சொல்லி அனுப்பினார்கள், பெண்ணுக்கு இஷ்டமில்லை. சேலை வந்தது. அதற்குள் ரவிக்கைத் துணியை வெட்டியிருக்கிறார்கள். அவர் போட்ட பணத்தை அவர்கள் கேட்கவில்லை. நாங்கள் மறந்துவிட்டோம் என்று எழுத நினைத்தேன். மறக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று எழுதியதை வாணிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். நாக்கு பற்றிய வரிகளை விட்டுவிட்டு.



"அவங்கப்பாவுக்குக் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

"எதை?"

"எது அவரோடதோ அத."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோபி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாட்டுத் தீவனக் கடை. புண்ணாக்கு வாசனை. ஒரு கையில் சேலைப் பெட்டி, சட்டைப் பையில் கவர்.

நிரஞ்சனாவின் அப்பா பருத்திக்கொட்டை நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தராசை நிறுத்தவில்லை. "வாங் தம்பி" என்றார். முன்பு மாப்பிள்ளை என்பார். "உக்காருங். டீ சொல்லட்டுங்களா?"

வேண்டாம் என்பதற்குள் சொல்லிவிட்டார்.

கவரை மேசைமேல் வைத்தேன். "அன்னைக்கு நீங்க கூடப் போட்டதுங்க."

அவர் கவரைப் பார்த்தார். வாடிக்கையாளருக்கு மூட்டையைத் தூக்கிவிட்டு, கையைத் துண்டில் துடைத்து, எதிரே உட்கார்ந்தார்.

"கல்யாணம்னு கேள்விப்பட்டனுங். சந்தோசம். எந்தூருப் பொண்ணு?"

"சென்னிமலைங்க."

"நல்ல தண்ணி."

டீ வந்தது. குடித்தோம். அவர் கவரைத் தொடவில்லை. டீ கிளாஸை அதன்மேல் வைக்காமல் தள்ளி வைத்தார்.

"அன்னைக்குக் குடுத்திருந்தீங்கன்னா வாங்கியிருப்பனுங் தம்பி" என்றார். கோபமே இல்லை. மழை நேற்றுப் பெய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதுபோல. "இப்ப இது வேற காசு. இத நான் எதுக்குன்னு வாங்கறது?"

"சேலையாவது."

"அதெப்படிங்? பாதி உங்களுது, பாதி எங்களுது. கத்தரிக்கோலு கொண்டாரச் சொல்லட்டுமா?" சிரித்தார். அவர் சிரித்ததால் நானும். "பாக்கப்போனா நாங்கதான் உங்களுக்குத் தரோணும். ரவிக்கைத் துணி எங்ககிட்டயே நின்னுபோச்சு. அதுக்குள்ள டெய்லர்கிட்டக் குடுத்துப்போட்டாங்க."

கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். "அது இருக்குதுங்களா?"

"எது, அந்த ரவிக்கையா? அட, அது எப்பவோ போச்சுங். நாலு சீலைக்கு ஒத்துப்போகுதுன்னு எங்க பாப்பா அதையே போட்டுட்டு ஆபீசுக்குப் போவா. தேஞ்சு, கக்கத்துல கிழிஞ்சு, இப்ப அவங்கம்மா அதுலதான் வண்டி தொடைக்கறா." வெளியே நின்ற மொபெட்டைத் தலையால் காட்டினார். "பாப்பாவுக்குப் போன தையில கல்யாணம் ஆச்சுங். கோயமுத்தூர்ல இருக்கறாங்க."

மொபெட்டின் சீட்டுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவே ஒரு துணி செருகியிருந்தது. கறுப்பு, எண்ணெய். அதுதானா என்று உற்றுப் பார்க்கவில்லை.

இரண்டு வருடமாக அந்த ரவிக்கையை நான் வேறு மாதிரி வைத்திருந்தேன். ஒரு பெட்டியில். மடித்து. பாச்சா உருண்டை அங்கேயும் இருக்கும் என்று.

கிளம்பும்போது கவரை எடுத்து அவரே என் பையில் வைத்தார். "பத்தரமாப் போங்."

ஆகஸ்ட் 11, திங்கள்

"வாங்கலையா? நல்ல மனுசன்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் தெரிந்தது வெட்கமா நிம்மதியா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்து, "நான் வெளையாட்டுக்குத்தான் சாமி சொன்னேன் அன்னைக்கு" என்றாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

"வாங்க மாட்டாருன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள் வாணி.

"அப்புறம் எதுக்கு அனுப்புன?"

"அவரு வாங்காதத நீங்க பாக்கோணுமில்ல."

மொபெட் துணியைப் பற்றிச் சொன்னேன். நீளமாகச் சிரித்தாள். "எனக்கு அவங்களப் புடிச்சிருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வராததை அவள் கவனித்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

"அந்தச் சீலைய விக்க வேண்டாமுங்க. யாருக்கும் குடுக்கவும் வேண்டாம். அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். ஆனா எனக்குன்னு ஒண்ணு எடுக்கலாம். ஆவணி பொறந்ததும்."

"அப்ப கல்யாணம்?"

"கூறை எடுக்கற அன்னைக்குச் சொல்றனுங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி. அக்கா வேன் வேண்டாம் என்று தானே சொன்னாள்.

ஆகஸ்ட் 20, புதன்

அதே கடை அல்ல. ஆனால் எல்லாக் கடைகளும் அதே கடைதான். வெள்ளை விரிப்பு. அதே பலகை.

அம்மா, அக்கா, வாணி, அவள் அப்பா, அம்மா, நான். ஒரு கார், ஒரு ஸ்கூட்டர். ஸ்கூட்டர் வாணியுடையது, மருத்துவமனையிலிருந்து நேராக வந்தாள்.

ஒவ்வொரு சேலைக்கும் அவள் விற்பனையாளரைக் கேட்டாள். "இது வரி சேத்துங்களா? ஃபால்ஸ்? குஞ்சம் தனியா? ரவிக்கைத் துணி எத்தன சென்டிமீட்டர்?"

"மேடம், சேல எடுக்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?"

"உள்ள ஒளிச்சு வெக்காம இருந்தா ரெய்டு எதுக்குங்கண்ணா?"

அவர் சிரித்து ரவிக்கைத் துணியை முதலில் விரித்துக் காட்டத் தொடங்கினார். அதன்பிறகு எல்லாச் சேலையையும் அந்த முனையிலிருந்தே விரித்தார்.

அவள் எடுத்தது இலைப் பச்சை, அரக்குக் கரை. எல்லோருக்கும் பிடித்தது. விலை என்னவென்று நான் பார்க்கவில்லை. நான் கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கவுண்டரில் போய் நின்றாள். வாணியின் அப்பா பக்கத்தில். அவர் கை சட்டைப் பைக்குப் போனது. கண்ணாடி எடுக்கத்தான், பிறகு தெரிந்தது.

அம்மா பில் போடுகிறவரிடம் ஆரம்பித்தாள். "நாங்க சொன்னது..."

"அம்மா, முழுசும் நான்தான் குடுக்கறேன்" என்றேன். "கூறை எடுக்கறது நம்ம மொற. யாரும் ஒரு ரூவா போடக் கூடாது. யாரும்."

குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கார்டை நீட்டியபடி நின்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "நாங்க சொன்னது பெரிய பையின்னு சாமி. சின்னப் பையில வெச்சா மடிப்பு ஒடஞ்சிரும்னு சொல்ல வந்தேன்."

விலை பேசிவைத்ததற்குள்தான் இருந்தது. யாரும் எதுவும் கூடப் போட வேண்டியிருக்கவில்லை.

"எதுக்குங்க மாப்ள சத்தம் போடறீங்க?" என்றார் வாணியின் அப்பா மெதுவாக. கையில் கண்ணாடிக் கூடு.

பில் போடுகிறவர் கார்டை வாங்கித் தேய்த்தார். சீட்டு வந்தது. அவ்வளவுதான் நேரம் ஆனது. ஒரு வாக்கியம், ஒரு சீட்டு. சொல்ல இவ்வளவு எளிதாக இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் வாணி ஸ்கூட்டரை எடுக்க வந்தாள். நானும் போனேன்.

"நல்லாச் சொன்னீங்க" என்றாள். "தோளு எறங்கியிருந்துச்சு. இப்பத்தான் மொத தடவ பாக்கறேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிடம்.

"ஆனா எங்கிட்டச் சொல்லலீங்க நீங்க அத. அன்னைக்கு அவங்களுக்குச் சொல்லாம விட்டதச் சொன்னீங்க."

எதிரே ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. அது போய் முடியும்வரை இருவரும் நின்றோம்.

"கூறை எடுக்கற அன்னைக்குச் சொல்றேன்னு சொன்னியே" என்றேன்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வார் சரியாக விழவில்லை. நான் உதவப் போனேன். அதற்குள் அவளே போட்டுக்கொண்டாள்.

"எல்லாருக்கும் கல்யாணப் பத்திரிகை குடுத்தாச்சில்லீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அது பதிலா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

தாலி கட்டினேன். இரண்டு முடிச்சு நான். மூன்றாவது அக்கா. வாணியின் கழுத்து குனிந்திருந்தது. பச்சை ரவிக்கை, ஆரி வேலை இல்லை. அட்சதை போடும்போது எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டாள், முழங்கை மடங்கி.

செப்டம்பர் 7, ஞாயிறு

விருந்தாளிகள் போய்விட்டார்கள். வாணி தன் துணிகளை பீரோவில் அடுக்கினாள். எது எந்தத் தட்டு என்று என்னைக் கேட்டுக் கேட்டு. கூறைச் சேலையை அடித்தட்டில் வைத்தாள். அங்கே பெட்டி இருந்தது. திறந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

சேலையை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். வெயிலில் ஒரு முனையைப் பிடித்தாள். ரவிக்கைத் துணி இல்லாத முனை.

"நல்ல நெறமுங்க. அவங்க சரியாத்தான் எடுத்திருக்காங்க" என்றாள். உண்மையாகவே சொன்னாள். "ஏனுங்க, இத என்ன நெறம்னு சொல்றது?"

அடுத்த விடைத்தாளை எடுத்தேன். பெயர் எழுதாத தாள்.

"கத்திரிப்பூ" என்றேன்.

அவள் சேலையைப் பார்க்கவில்லை. என் இடது தோளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். பெட்டியில் போடவில்லை. தன்னுடையதற்கு மேலே வைத்தாள்.